பாடு விழுந்த வெள்ளிக்கிழமை

கூட்டம் மூன்று மணிக்கு. வந்திருந்தவர்கள் மூன்றே பேர்.

அமுதவல்லி வகுப்பறையை இன்னொரு முறை பார்த்தாள். பிள்ளைகளின் பெஞ்சுகளைச் சதுரமாகப் போட்டாயிற்று. மேசையில் பிஸ்கட் தட்டு. மூலையில் குடத்தில் தண்ணீர். எல்லாம் இருந்தது, ஆட்கள்தான் இல்லை.

"இன்னும் பாதிக்கு மேல வரணுமேம்மா. உங்க மெம்பருங்கல்லாம் எங்க?" என்றார் ஜெரோம். பழவேற்காட்டிலிருந்து தோணி பிடித்து வந்திருந்த கல்வித்துறை ஆள். ஏரிக்குள் இருக்கும் திட்டுகளின் பள்ளிகளில் மேலாண்மைக் குழு ஒழுங்காகக் கூடுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை.

"வந்துருவாங்க சார்."

வரமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். ஜன்னலுக்கு வெளியே ஏரி பளபளத்தது. நடுவில் வரிசையாகக் கழிகள். கழிகளுக்கு நடுவே கறுப்புப் புள்ளிகளாகத் தலைகள். அவள் தலைமை தாங்க வேண்டிய குழு, மார்பளவுத் தண்ணீரில் வலை பிடித்துக்கொண்டிருந்தது.

இன்றைக்குப் பார்த்து கீழத்தெருவுக்குப் பாடு விழுந்திருந்தது.

இந்த நடுத்திட்டு ஊரில் மீன் விழுகிற தண்ணீர் எல்லோருக்கும் பொது. ஆனால் எல்லோரும் ஒரே நாளில் அங்கே வலை போட முடியாது. மூன்று தெரு, மூன்று வலை. சீட்டுப் போடுவார்கள். எந்தத் தெருவுக்கு விழுகிறதோ, அன்றைய பாடு அவர்களுக்கு. பாடு விழுந்தவன் வலையை விட்டுக் கரையேறினால் முறை அடுத்த தெருவுக்குப் போய்விடும். போனது போனதுதான்.

அப்படிப்பட்ட ஊரில், பெற்றோர்கள் சேர்ந்து குழு அமையுங்கள், பள்ளிக்கூடத்தை நீங்களும் நடத்துங்கள் என்று அரசாங்கம் சொன்னது. ஊர் கூடியது. ஓட்டுப் போட்டால் சண்டை வரும் என்றார்கள். சீட்டுப் போட்டால் வராது என்றார்கள். போட்டார்கள். ஆள் ஆளாக இல்லை, தெருத் தெருவாக. குழு முழுக்கக் கீழத்தெருவுக்கு விழுந்தது. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இதைவிட நியாயம் என்ன இருக்கிறது?

அந்த நியாயம்தான் இன்று கழுத்தைப் பிடித்தது. ஆண்கள் எல்லோரும் வலையில். பெண்கள் எல்லோரும், விடியலில் விழுந்த மீனோடு அக்கரைச் சந்தையில்.

"தலைவரே, சாயந்திரத்தோட செயலி மூடிடும்." ஜெரோம் போனைக் காட்டினார். "படகு வேணும்னு தீர்மானம் ஏறணும்னா ஆளுங்க இங்க, இந்த ரூம்ல, என் கண்ணு முன்னாடி உக்காரணும். இல்லன்னா அடுத்த வருஷம்தான்."

அடுத்த வருஷம் என்றால் ஐந்தாவது படிக்கும் அவள் மகள் திவ்யா இங்கே இருக்கமாட்டாள்.

நடுத்திட்டுப் பள்ளி ஐந்தாவதோடு முடிகிறது. ஆறாவதற்கு ஏரியைத் தாண்ட வேண்டும். அக்கரைக்குப் போகும் பிள்ளைகளுக்கு அரசுச் செலவில் படகும் துணைக்கு ஓர் ஆளும் உண்டு, குழு கேட்டால். அமுதவல்லியின் புருஷன் கங்காதரன் நேற்றே முடிவாகச் சொல்லிவிட்டான்: "கவர்மெண்ட்டு போட்டு வந்தா நம்ம பொண்ணு இங்கேருந்து போவட்டும். வரலைன்னா திருப்பாலைவனத்துல எங்க அக்கா வூட்ல வுட்டுர்றேன். ஒரு நாளு வலை, ஒரு நாளு பள்ளிக்கூடம்னு என்னால ஓட முடியாது அமுதா. உங்க நைனா ஓடிப் பார்த்தாரே, இன்னா ஆச்சு?"



அக்கரைப் பள்ளியில் படித்த நாட்களில் நைனா, அவள் அப்பா சம்பந்தம், அவளைத் தோணியின் முன்னால் உட்கார வைப்பார். புத்தகப் பை நனையாமல் இருக்க அதைத் தன் தலைப்பாகை மேல் வைத்துக்கொள்வார். கழியை ஊன்றித் தள்ளும்போது வாய்ப்பாடு சொல்லச் சொல்வார். அவள் ஒரு வரி சொன்னால் அவர் ஒரு தள்ளு. தப்பாகச் சொன்னால் தோணி நின்றுவிடும். எது தப்பு என்று அவருக்குத் தெரியாது. அவள் குரல் தயங்குவதை வைத்துக் கண்டுபிடிப்பார். எதிரில் வலைக்காரர்கள் வந்தால் ஒரு சத்தம்: "ஓரம் போங்கடா, எம் பொண்ணு படிக்கப் போவுது!" தை மாதக் காலையில் பூநாரைகள் கூட்டமாக எழும்பும். வானம் ஒரு நிமிஷம் ரோஜா நிறமாகும். பையிலிருந்து புதுப் புத்தக வாசனையும், தோணியிலிருந்து இறால் வாசனையும் கலந்து வரும். அந்தக் கலவை இப்போது நினைத்தாலும் அவள் மூக்குக்கு எட்டும்.

ஆனால் பாடு விழுந்த நாளில் நைனாவால் வர முடியாது. அவளும் போக முடியாது. விடுப்பு சேர்ந்துகொண்டே போனது. ஒருநாள் அப்பாவைக் கூட்டிவா என்றார்கள். நைனா வலையிலிருந்து நேராக வந்தார். கேட் வரை வந்தார். கால் முழுக்கச் சேறு. உள்ளே சிமெண்ட் தரை. காலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், அங்கேயே நின்றார். யாரும் தடுக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. மணியடித்தது. திரும்பிவிட்டார். அன்றைக்கு வரும்போது தோணியில் வாய்ப்பாடு இல்லை.

அமுதவல்லி எழுந்தாள்.

"டீச்சர், சாரைப் பார்த்துக்குங்க."

தலைமையாசிரியை தெய்வநாயகி கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எங்க போற அமுதா?"

"மெம்பருங்களக் கூட்டினு வர."

"எதுல போவே? ஊர்ல இருக்கிற தோணியெல்லாம் வலைக்கும் சந்தைக்கும் போயிடுச்சே!"

ஒன்று இருந்தது. ஜெரோம் வந்த தோணி. தோணிக்காரர் பூவரச மர நிழலில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் முதலில் வேறு ஓர் இடம். மேலத்தெரு.

* * *

முத்துராஜ் மீன் ஏலக் கொட்டகையில் கால்நீட்டி உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருந்தான். மேலத்தெரு வலைக்கு அவன்தான் எல்லாம். அவளைப் பார்த்ததும் சிரித்தான்.

"வாங்க தலைவரம்மா! இன்னா, கமிட்டி அம்போவா?"

"முத்துராஜண்ணே, ஒரு ஒத்தாசை."

"எங்களுக்குத்தான் கமிட்டியே இல்லியே. சீட்டு உங்களுக்கு விழுந்துச்சு, நீங்களே நடத்துங்க. பிஸ்கட்டும் நீங்களே துன்னுங்க."

சீட்டுக் கையிலிருந்தவர்கள் சிரித்தார்கள். அமுதவல்லி சிரிக்கவில்லை.

"பாடு விழுந்தவன் வூட்ல சாவுன்னா இன்னா செய்வீங்க?"

முத்துராஜ் சீட்டைக் கவிழ்த்தான். இது விளையாட்டுப் பேச்சில்லை. "இது இன்னா கேள்வி? நாங்க போய் வலையைப் புடிப்போம். அவன் காரியம் முடிச்சினு வர்ற வரைக்கும். விழற மீனு அவனுக்கு. ஒரு இறால் தொடமாட்டோம்."

"அப்போ பாடு போவாது?"

"போவாது. சாவுக்குப் போவாது. அதான் ஊர்க் கட்டு." அவன் முகம் மாறியது. "யாரும்மா? யாரு?"

"யாரும் சாவலண்ணே. அதே மாரி இன்னிக்கு ஒரு தபா வந்து புடிங்க. ஒரு கூட்டம் நடக்கிற நேரம்."

"ஆங்! நல்லா கீதே! கூட்டத்துக்கெல்லாம் வலை புடிச்சா ஊரு சிரிக்காது?"

"உங்க வித்யா இன்னா படிக்குது?"

"நாலாவது."

"அதுக்கப்புறம்?"

"அஞ்சாவது."

"அதுக்கப்புறம்?"

முத்துராஜ் ஏரியைப் பார்த்தான்.

"போட்டுக்குத் தெருக் கிடையாதுண்ணே. இன்னிக்குக் கேட்டா உம் பொண்ணும் ஏறும். கேக்கலன்னா எம் பொண்ணும் ஏறாது. அடுத்த தபா கமிட்டிக்குச் சீட்டு வேணாம். மூணு தெருவுலேருந்தும் ஆளு எடுக்கணும்னு நானே சொல்றேன்."

"பிஸ்கட்டு?"

"அதுவும் உண்டு."

அவன் வேட்டியை மடித்துக் கட்டினான். "டேய், எழுந்திருங்கடா!"

* * *

ஜெரோமின் தோணியில் ஏறி அமுதவல்லி கழியைக் கையில் எடுத்தாள். நைனா போன பிறகு அவள் கழி பிடிக்கவில்லை. ஊன்றினாள். தோணி ஆடியது. மறுபடி ஊன்றினாள். உதடு தானாக முணுமுணுத்தது. ஓரெட்டு எட்டு. ஒரு தள்ளு. ஈரெட்டுப் பதினாறு. இன்னொரு தள்ளு. தோணி நேரானது.

பின்னால் இருந்த முத்துராஜ், "இன்னா, மந்திரமா?" என்றான்.

"வாய்ப்பாடு."

கழி வரிசையிலிருந்து அவர்களை முதலில் பார்த்தவர் தருமலிங்கம். கீழத்தெரு வலைக்குப் பெரியவர். நைனாவோடு ஒரே வலையில் நின்றவர். பாடு விழுந்த தண்ணீரை நோக்கி மேலத்தெரு ஆட்கள் வருகிறார்கள். முன்னால் ஒரு பெண்பிள்ளை. அதற்கு இந்த ஏரியில் ஒரே அர்த்தம்தான்.

அவர் கை வலையை விட்டது. "யாரு?" என்று கத்தினார். குரல் பிசிறியது. "அமுதா, யாரும்மா போயிட்டாங்க?"

கழிகளுக்கு நடுவே எல்லாத் தலைகளும் திரும்பின. கங்காதரன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு வந்தான். "திவ்யாவா? திவ்யாவுக்கு இன்னா?"

"ஒண்ணும் ஆவல! யாருக்கும் ஒண்ணும் ஆவல!"

"அடிப்பாவி!" தருமலிங்கம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். "அப்புறம் எதுக்கு இவனுங்களக் கூட்டினு வந்தே?"

சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள். தருமலிங்கம் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"சாவுக்குத்தாம்மா வலை கை மாறும். கூட்டத்துக்கு மாறினா நாளைக்கு ஒருத்தன் சினிமாவுக்குப் போவணும்னுவான்."

"பெரியப்பா, எங்க நைனாவுக்கு எத்தினி தபா பாடு விழுந்துச்சு, நான் எத்தினி தபா கரையிலியே நின்னேன், உங்களுக்குத் தெரியும். அன்னிக்கு வலையை ஒருத்தர் வாங்கிப் புடிச்சிருந்தா நான் படிச்சிருப்பேன். அப்ப கேக்கணும்னு யாருக்கும் தோணல. இப்ப நான் கேக்கறேன்."

வலைக்குள் ஒரு மடவை மீன் துள்ளி விழுந்தது.

"யோவ் பெருசு," என்றான் முத்துராஜ் தண்ணீரில் இறங்கியபடி, "உம் மீனு ஒண்ணையும் திருட மாட்டேன். போய்யா."

யாரும் அசையவில்லை. பாடு போய்விட்டால் என்ற பயம் எல்லா முகத்திலும் இருந்தது. கங்காதரன் அமுதவல்லியைப் பார்த்தான். சற்று முன் அவன் தொண்டையிலிருந்து வந்த குரலை அவன் இன்னும் மறந்திருக்கவில்லை. கையிலிருந்த வலைக் கழியை முத்துராஜிடம் நீட்டினான்.

"புடி மச்சான். அடில பள்ளம் கீது, பார்த்து நில்லு."

தருமலிங்கம் பெருமூச்சு விட்டார். "நட. உங்க நைனா மாரியே கழி போடற. அவனுக்கும் சொன்னா கேக்காது."

* * *

ஜெரோம் கரையில் நின்று தன் தோணியைத் தேடிக்கொண்டிருந்தார். தெய்வநாயகி டீச்சர் அவருக்கு மூன்றாவது டம்ளர் டீயை நீட்டிக்கொண்டிருந்தார். தோணிக்காரர் கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தார்.

"என்னம்மா இது, அரசாங்க ஆளோட படகையே கடத்தறீங்க!"

"திருப்பிக் கொண்டாந்துட்டேனே சார். மெம்பருங்களோட."

போன கூட்டத்துக்கு இவர்கள் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, பூசைக்குப் போவதுபோல வந்திருந்தார்கள். இன்று அரை நிக்கரும் ஈரத் துண்டும். முடியிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டியது. பள்ளிக்கூட வாசல்வரை வேகமாக வந்தார்கள்.

வாசலில் நின்றுவிட்டார்கள்.

அமுதவல்லி திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் குனிந்து தங்கள் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முழங்கால்வரை கறுப்புச் சேறு. உள்ளே, பிள்ளைகள் காலையில் கழுவிவிட்ட தரை.

"நாங்க இப்டிக்கா நிக்கறோம்மா," என்றார் தருமலிங்கம். "நீ உள்ள பேசு. இங்கேருந்தே கேக்குது."

எத்தனை வருஷம். அதே காலைப் பார்க்கும் பார்வை. கேட் மட்டும்தான் வேறு.

"உள்ள வாங்க பெரியப்பா."

"சேறும்மா."

"கழுவிக்கலாம். உள்ள வாங்க."

அவர் இன்னும் தயங்கினார். அமுதவல்லி வந்து அவர் ஈரக் கையைப் பிடித்தாள். நைனாவின் கையும் இப்படித்தான் இருக்கும், வலைக்கயிறு அறுத்த தழும்போடு. பிடித்து இழுத்தாள். முதல் சேற்றுத் தடம் சிமெண்ட் தரையில் விழுந்தது. அதன்பின் கங்காதரன். அதன்பின் எல்லோரும்.

பிள்ளைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஒருவர் ரொம்ப நேரம் பெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தார். "இந்த இடந்தான் நம்மது. நான் இங்கதான் குந்தினு இருப்பேன்," என்றார் பக்கத்தில் இருந்தவரிடம். "நீ எங்க குந்தினே? முட்டிதானே போட்டே," என்றார் அவர். தெய்வநாயகி டீச்சர் ஸ்கேலால் மேசையைத் தட்டினார். அத்தனை பேரும் பழக்கத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஜெரோம்கூட.

தீர்மானம் நிறைவேறியது. போன் ஒரு முறை சிணுங்கி, பச்சை நிறம் காட்டியது.

"ஏறிடுச்சு," என்றார் ஜெரோம். "ஜூன்ல படகு வரும். நானே வந்து பார்க்கறேன். ஆனா அன்னிக்கு என் தோணியை நானே கட்டி வெச்சுப்பேன்."

கூட்டம் கலைந்து ஆண்கள் வலைக்கு ஓடினார்கள். முத்துராஜ் சொன்னபடியே ஒரு இறாலைக்கூடத் தொடவில்லை. கங்காதரன் போகிறபோது பிஸ்கட் தட்டை அப்படியே எடுத்துக்கொண்டு போனான், மேலத்தெருவுக்கு.

திவ்யா துடைப்பமும் வாளியுமாக வந்தாள். தரையைப் பார்த்துப் பிரமித்தாள். "யம்மா, இன்னாம்மா இது, இம்மாஞ் சேறு!"

"இருக்கட்டும். நான் கழுவறேன்."

"அத்தை வூட்டுக்குப் போவ வேணாம்தானே?"

"வேணாம்."

திவ்யா வாளியைக் கீழே வைத்தாள். "போட்டுல நான் எங்கம்மா குந்தணும்?"

"முன்னாடி."

"முன்னாடி தண்ணி தெறிக்குமே."

"தெறிக்கும்," என்றாள் அமுதவல்லி. "பையை மட்டும் தலைமேல வெச்சுக்கோ."