மேளம் கேட்டு வைத்த பெயர்

கல்யாணப் பத்திரிகையில் என் பெயரை மாற்றிப் போடுங்கள் என்று மாப்பிள்ளையே வந்து நின்றால், அந்தப் பெயரை வைத்த அப்பனுக்கு எப்படி இருக்கும்? கைலாசத்துக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. இறங்காத சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டு, தள்ளியதற்கும் சேர்த்து மனைவி கந்தம்மாள் மேல் எரிந்து விழுந்துகொண்டிருந்தார்.

மகன் பெயர் தர்யாவ். வெண்ணந்தூரில் மட்டுமில்லை, சுற்றுப்பட்டில் எவனுக்கும் இல்லாத பெயர். புனாவில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறான். கூட வேலை பார்க்கும் ஜலகண்டாபுரத்து நர்மதாவைத்தான் கட்டிக்கொள்ளப் போகிறான். இரண்டு வீட்டிலும் சம்மதம், மண்டபம் பிடித்தாயிற்று, சேலை எடுத்தாயிற்று. எல்லாம் கூடி வந்த நேரத்தில், "பத்திரிகையில கதிர்னு அடிச்சிரலாமுங்கப்பா" என்கிறான். ஏன் என்றால் தரையைப் பார்க்கிறான். ஆபீசில் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம்.

"ஆபீசுக்காரனா உனக்குப் பேர் வெச்சான்? நான் வெச்சேன்டா!" என்று கைலாசம் போட்ட சத்தத்தில் பக்கத்துத் தறிக்கூடமே ஒரு நிமிடம் ஓய்ந்தது.

அந்தப் பெயர் சும்மா வந்ததில்லை. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் கைலாசம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் வண்டி ஏறினால் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று சுற்றிவிட்டு மழைக்காலத்துக்குத்தான் ஊர் திரும்புவார். ஒருமுறை நாக்பூர் சந்தையில் பாட்டுக் கேசட் என்று நினைத்து மூன்று கேசட் வாங்கினார். போட்டுப் பார்த்தால் பாட்டும் இருந்தது, கூடவே ஒரு பழைய சண்டைப் படத்தின் வசனம், துப்பாக்கிச் சத்தம், குதிரைக் குளம்பு, வாத்தியம் எல்லாம் இருந்தன. வேறு கேசட் இல்லாததால் அதையே கேட்டார்கள். மூன்றாவதை டேப்ரெக்கார்டர் முதல் வாரத்திலேயே தின்றுவிட்டது. அதனால் கடைசியில் யார் பிழைத்தார்கள், யார் செத்தார்கள் என்று ரிக் வண்டியில் ஒருத்தருக்கும் தெரியாது.

இந்தி எங்கே தெரியும்? எத்தனை அடி, தண்ணி வந்ததா, பைப்பை இறக்கு. அவ்வளவுதான் ரிக்காரர்களின் இந்தி. ஆனால் அந்தப் படத்தில் ஒரு குரல் வரும். கரகரத்த குரல். அது வருவதற்கு முன்னால் மேளம் அதிரும், மேளத்துக்கு மேலே ஒற்றை ஷெனாய் ஏறும், யாரோ ஒருவன் "தர்யாவ்!" என்று கத்துவான், எல்லாச் சத்தமும் நிற்கும். பிறகு அந்தக் குரல் ஒரு சிரிப்புச் சிரித்து, "கானா காயா?" என்று கேட்கும். சாப்பிட்டாயா! கைலாசத்துக்குப் புரிந்த ஒரே வசனம் அது. வந்ததும் சாப்பிட்டாயா என்று கேட்பவன் நல்லவனாகத்தான் இருக்க வேண்டும். அதோடு நம்மூர்ப் படத்தில் யார் வரும்போது மேளம் அடிக்கிறார்கள்? கதாநாயகன் வரும்போதுதானே? தர்யாவ்தான் கதாநாயகன் என்று கைலாசம் அன்றைக்கே முடிவுகட்டிவிட்டார்.

மகன் பிறந்த சேதி வந்தபோது ஜபல்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் அறுநூறு அடி ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்குத் தண்ணீர் பீறிட்டு அடித்தது, டேப்பில் மேளமும் அடித்தது. பெயர் அங்கேயே வைத்தாயிற்று. பிற்பாடு எந்த ஊரில் தன் மகன் பெயரைச் சொன்னாலும் இந்திக்காரர்கள் விழுந்து விழுந்து சிரித்துத் தோளில் தட்டி டீ வாங்கிக் கொடுப்பார்கள். பெயருக்கு இருக்கும் மரியாதையைப் பார் என்று ஊரில் வந்து சொல்வார்.

படத்தை மட்டும் அவர் பார்த்ததே இல்லை. அது ஓடிய ஊரில் அவர் இல்லை, அவர் இருந்த ஊரில் அது ஓடவில்லை. செல்லில் போட்டுக் காட்டடா என்று மகனிடம் கேட்டபோதெல்லாம், "கிடைக்கலீங்கப்பா" என்றுவிடுவான்.

இந்த லட்சணத்தில்தான் போன புதன்கிழமை பத்திரிகை மாதிரி பார்க்க அஸ்தம்பட்டிக்குப் போனவர், ஒரு புதுத் தியேட்டர் வாசலில் அந்த மேளத்தைக் கேட்டுவிட்டார். கால் அங்கேயே நின்றுவிட்டது. பழைய படத்தைப் புதுப்பித்து மறுபடி ஓட்டுகிறார்களாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானக் காட்சி. போஸ்டரில் ஆறு முகம் இருந்தது. அதில் வெள்ளைக் குதிரை மேல் துப்பாக்கியோடு இருந்த உயரமான ஆளைப் படம் பிடித்துக்கொண்டு வந்து வீட்டில் காட்டினார்.

"இவன்தான் தர்யாவ். பாரு, எப்பிடி இருக்கறான்னு!"

கந்தம்மாள் பார்த்தாள். பார்த்த கையோடு அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

"எல்லாரும் ஞாயித்துக்கெழம போறோம். நீ உம் பேர அந்தத் தெரையில கேளு. கேட்ட பொறவும் கதிருதான் வேணும்னா, நானே போயி அப்பிடியே அடிச்சுட்டு வாரேன்" என்று மகனிடம் பேசி முடித்தார்.

அதற்குப் பிறகுதான் பார்க்க வேண்டும், அந்த வீட்டில் ஆளாளுக்குச் சொன்ன சாக்கை. மகனுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் போன் வருமாம். கந்தம்மாளுக்கு முழங்கால் வலியாம். "ஏனுங்க, இந்திப் படம் பாத்து நமக்கென்ன வெளங்கப் போவுது? ஒறம்பரை சனத்துக்குப் பத்திரிக வெக்கற வேலயப் பாருங்க" என்றாள். நர்மதாவுக்கே போன் போட்டுப் பேசினார். எப்போதும் கலகலவென்று பேசுகிற பெண், "படம் ரொம்ப நீளமுங்க மாமா, உங்களுக்கு முதுகு வலிக்கும்" என்று இழுத்தது. அத்தனை பேரும் பேசி வைத்துக்கொண்டு தன்னைத் தடுக்கிறார்கள் என்பது கைலாசத்துக்குத் தெளிவாகத் தெரிந்தது. எதற்கு என்றுதான் தெரியவில்லை. பெற்ற பிள்ளைக்குத் தான் வைத்த பெயரின் அருமையைக் காட்டுவதற்கு இத்தனை பேரிடம் கெஞ்ச வேண்டியிருக்கிறதே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

"வாராட்டிப் போ. நான் ஒத்தையில போயிப் பாத்துக்கறேன்" என்று ஞாயிற்றுக்கிழமை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் மகன் பைக்கை எடுத்து வைத்துக்கொண்டு நின்றான். முகம் செத்துப் போயிருந்தது. "ஏறுங்கப்பா" என்றான்.

தியேட்டர் நிறைந்திருந்தது. தறிக்கும் கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த வடக்கத்தி ஆட்கள் குளித்துத் தலைவாரிக் கூட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். படம் தொடங்கியது. குளம்புச் சத்தம் கேட்டதுமே கைலாசத்துக்கு உடம்பு சிலிர்த்தது. முதல் பாட்டை வரிக்கு வரி முணுமுணுத்தார். வெள்ளைக் குதிரைக்காரன் வந்தான். மேளம் வரவில்லை. சரி, இன்னும் நேரம் இருக்கிறது என்று பொறுத்துக்கொண்டார்.

அரை மணி நேரம் கழித்து மேளம் வந்தது. மேலே ஷெனாய் ஏறியது. "வருது, வருது" என்று மகனின் தொடையைத் தட்டினார். "தர்யாவ்!" என்று திரையில் யாரோ கத்த, தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. கைலாசமும் எழுந்துவிட்டார்.

திரையில் காவிப் பல்லும் ஒற்றைக் கண்ணுமாக ஒருவன் நின்றான். அவன் காலடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார் கட்டுண்டு கிடந்தார், பின்னால் அவர் வீடு எரிந்துகொண்டிருந்தது. காவிப் பல்லன் ஒரு சிரிப்புச் சிரித்தான். குனிந்து வாத்தியாரைப் பார்த்து, "கானா காயா?" என்றான். சுட்டுவிட்டான்.

கூட்டம் கூடவே அந்த வசனத்தைச் சொல்லிச் சிரித்தது. கைலாசத்துக்கு உட்காரத் தோன்றவில்லை. பின்னால் இருந்தவன் இந்தியில் ஏதோ சொன்னான். மகன்தான் கையைப் பிடித்து உட்கார வைத்தான்.

ஜபல்பூர்க்காரர்கள் சிரித்த சிரிப்பெல்லாம் இப்போது காதுக்குள் வந்தது. தோளில் தட்டியது, டீ வாங்கிக் கொடுத்தது, பக்கத்து வீட்டுக்காரனையும் கூப்பிட்டு இன்னொரு முறை சொல்லச் சொன்னது. அவர்களிடம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இரண்டாம் தடவையும் சொல்லியிருக்கிறார்.

மகனைத் திரும்பிப் பார்த்தார். அவன் திரையைப் பார்க்கவில்லை, அப்பனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எப்பத் தெரியும்?"

"புனா போன மொதல் வாரமுங்க. ஆறு வருசமாச்சு. பேரச் சொன்னதும் ஆபீசே சிரிச்சுது. அன்னைக்கே படத்தப் பாத்துட்டனுங்க."

"அம்மாளுக்கு?"

"அந்தப் பொங்கலுக்கு வந்தப்பச் சொன்னேனுங்க."

கைலாசத்துக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு வருடமாகக் கந்தம்மாள் மகனைச் சாமி, சாமி என்றுதான் கூப்பிடுகிறாள். ஒரு தடவைகூடப் பெயர் சொன்னதில்லை.

"எங்கிட்டச் சொல்றதுக்கு என்னடா?"

"சொல்லத்தான் வந்தனுங்க. நீங்க பஸ் ஸ்டாண்டுலயே நாலு பேரப் புடிச்சு வெச்சுக்கிட்டு எம் பேருக் கதையச் சொல்லிட்டு இருந்தீங்க. வாய் வரலீங்கப்பா."

இடைவேளையில் போய்விடலாமா என்று மகன் கேட்டான். "மூணாவது கேசட்டு என்னாகுதுன்னு பாக்கோணும்" என்று கைலாசம் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைசியில் வெள்ளைக் குதிரைக்காரன் காவிப் பல்லனை ஆற்று மணலில் இழுத்துப் போட்டுக் கொன்றான். சாகிறபோதும் அவனுக்கு மேளம் அடித்தது. கூட்டம் கைதட்டியது. இருபத்தெட்டு வருடம் தெரியாமல் இருந்ததே நன்றாக இருந்தது என்று கைலாசத்துக்குக் கசந்தது.

வெளியே வெயில் இன்னும் இறங்கவில்லை. "பைக்க எடுத்துட்டு வா. இப்பவே போயி கதிர்னு அடிக்கச் சொல்லிட்டுப் போயிரலாம்" என்றார். மகன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "போடா!" என்று விரட்டினார்.

அவன் பைக்கோடு வெளியே வந்தபோது கூட்டம் மொத்தமும் இருவருக்கும் நடுவில் இருந்தது. அப்பனைத் தேடிக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தான். "கதிரு!" என்று கைலாசம் கூப்பிட்டார். அப்பன் வாயில் அந்தப் பெயரை அவன் கேட்டதே இல்லை, திரும்பவில்லை. "ஏ கதிரு! கதிரு!" தொண்டை கிழியக் கத்தினார். வேறு எவன் பிள்ளையையோ கூப்பிடுவதாக இருந்தது அவருக்கே. பைக் ஏற்காட்டு ரோட்டுப் பக்கம் திரும்பப் போனது.

கோபமும் வெட்கமும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. "தர்யாவ்!" என்று கத்திவிட்டார்.

தியேட்டர் வாசலில் இருந்த அத்தனை பேரும் சட்டென்று திரும்பினார்கள். ஒருவன் விசிலடித்தான். இன்னொருவன் அந்தக் கரகரத்த குரலிலேயே, "கானா காயா?" என்றான். கூட்டம் குபீரென்று சிரித்தது. கைலாசம் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சிரிப்புக்கு நடுவே பைக்கைத் தள்ளிக்கொண்டு, எல்லோரும் பார்க்கப் பார்க்க, "வாரேனுங்கப்பா!" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மகன் வந்தான்.