தொட்டியில் இருந்த காற்று

மதியம் மூன்று மணிக்குக் கரண்ட் போனது. கம்ப்ரசரின் உறுமல் நின்றது. வெள்ளிமலையில் ஆதிமூலம் கட்டியிருந்த புது வீட்டின் கூடம் சட்டென்று அமைதியானது.

"நல்லதாப் போச்சு. இந்தச் சனியனைப் பிரிச்சிப் பாக்கலாம்" என்றான் ஆசாரி கொளஞ்சியப்பன்.

அவன் சொன்னது, மரத்தரைப் பலகைக்கு ஆணி அடிக்கும் காற்றுத் துப்பாக்கியான ‘கன்’னை. பலகையின் ஓரத்தில் வைத்து, கன்னின் தலையில் கொட்டாப்புளிச் சுத்தியலால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினால், கம்ப்ரசர் தொட்டியிலிருந்து டியூப் வழியாக வரும் காற்றின் வேகத்தில் ஆணி இறங்கிவிடும். சற்றுமுன் தட்டியபோது ஆணி வளைந்து வாயில் மாட்டிக்கொண்டது. அமுங்கிய தலையும் எழும்பவில்லை. இன்னும் பத்து வரிசைப் பலகை பாக்கி. வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுகிறார்கள்.

கொளஞ்சியப்பன் சப்பணமிட்டு உட்கார்ந்து, கன்னை மடியில் சாய்த்தான். அதன் வாயை இடது உள்ளங்கையில் தாங்கியபடி, வலது கையால் ஆணி பிடுங்கும் குறட்டைத் தேடினான்.

பலகை துடைத்துக்கொண்டிருந்த அவன் மனைவி காசியம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். உதவியாள் காய்ச்சலில் படுத்ததால், சங்கராபுரத்தில் வீட்டைப் பூட்டிக்கொண்டு புருஷனோடு மலையேறி வந்தவள். மூன்று நாளாகப் பலகை எடுத்துக் கொடுப்பதும், சோறாக்குவதும், அவனை வம்புக்கிழுப்பதும் அவள் வேலை.

"மாமா, கைய எடு."

"இன்னா?"

"டியூப் மாட்டிக்கினே கீது. மொதல்ல கைய எடு."

"கரண்டே இல்ல. எப்டி அடிக்கும்? பேய் வந்து அடிக்குமா?"

பதினைந்து வருடமாக அவன் பிடித்ததெல்லாம் கரண்டில் ஓடும் ரம்பமும் டிரில்லும். பிளக்கைப் பிடுங்கினால் அவை வெறும் இரும்பு. இந்தக் கன் வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"மோட்டாருதான் நின்னுது. காத்து தொட்டியிலதான் கீது. கரண்ட் போனப்புறமும் எங்கப்பா நாலு லாரிக்குக் காத்தடிப்பாரு."

"சின்னசேலம் பஞ்சர் கடை இன்ஜினீயரம்மா சொல்லிட்டாங்க."

"கிண்டலை அப்புறம் பண்ணு. டியூப்பைக் கழட்டு."

"கழட்டுனா காத்து வீணாப் போவும்டி. கரண்ட் வர்றதுக்குள்ள அதுலயே நாலு பலகை அடிச்சிடுவேன்."

காசியம்மாள் துணியைக் கீழே போட்டாள். "அப்ப காத்து கீதுன்னு ஒனக்கே தெரியுது."

கொளஞ்சியப்பன் உள்ளங்கையைக் கன்னின் வாயிலிருந்து எடுத்தான். மனைவியிடம் தோற்ற கோபத்தில் கன்னைத் தூக்கிப் பக்கத்தில் கிடந்த துண்டுப் பலகைமேல் ணங்கென்று வைத்தான்.

டப்.

வளைந்த ஆணி பலகைக்குள் கோணலாக முழுசாக இறங்கியிருந்தது. மரம் இரண்டாகப் பிளந்திருந்தது.

அவன் பலகையைப் பார்த்தான். பிறகு உள்ளங்கையைப் பார்த்தான்.

காசியம்மாள் வந்து டியூப்பைக் கழற்றினாள். கன் புஸ்ஸென்று மூச்சு விட்டது. அதற்குப் பிறகுதான் அவனைத் தொடவிட்டாள். அவன் ஆணிச் சரத்தை உருவினான். வாய்த்தகட்டின் ஸ்க்ரூக்களைக் கழற்றியதும் உள்ளே இன்னொரு ஆணியின் முறிந்த துண்டு தெரிந்தது. குறட்டால் பிடுங்கினான். ஆணியை அடிக்கும் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் மேலே தள்ளி, வாய்த்தகட்டை மூடி முறுக்கி, டியூப் மாட்டும் துளையில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டான். ஒவ்வொன்றுக்கும் வழக்கத்தைவிட இரு மடங்கு நேரம் எடுத்தது.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இடது கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு விரலாகப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒண்ணும் ஆவலியே" என்றான் அவன்.

"தெரியும்."

"அப்புறம் இன்னாத்த பாக்கற?"

"பாத்துக்கினு கீறேன். ஒனக்கு இன்னா?"

ஐந்து நிமிடத்தில் கரண்ட் வந்தது. கம்ப்ரசர் உறுமியது. காசியம்மாள் எழப் பார்த்தாள். அவன் கையை விடவில்லை.

"வேல இல்லியா?"

"காத்து பத்தாது. தொட்டி ரொம்பட்டும்."

அவள் தொட்டியின் காற்று மீட்டரை எட்டிப் பார்த்தாள். முள் எப்போதோ மேலே போயிருந்தது. நகர்ந்து, இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்துகொண்டாள்.