விரிசலின் ஓரம்

பன்னிரண்டு பதில்களும் ஒன்றுபோல இருந்தன. ஒரு பீங்கான் பொம்மைத் தொழிற்கூடத்தில் வேலை செய்பவர்களுக்காகச் சிவசங்கரி நடத்தும் இணையக் குழு அது. தினம் ஐந்து நிமிடம் வாசிக்கிற சிறு பாடம், முடிவில் ஒரு கேள்வி. ஒருவர் பதிலை மற்றவர் தொட்டுப் பேசினால் பாடம் ஆழமாக இறங்கும் என்பது அவள் கணக்கு. அந்த வாரம் சுட்ட பொம்மைகள் சூளையில் ஏன் விரிசல் விட்டன என்று கேட்டிருந்தாள். மேஸ்திரி பழமலைநாதன் முதலில் எழுதினார்: ‘நெருப்பு அதிகம்.’ மற்றவர்கள், ‘அண்ணன் சொன்னதே சரி.’ சூளைக்கு நெருப்பு பார்க்கும் அன்புக்கரசியும் அதையே எழுதியிருந்தாள்.

சிவசங்கரி அவளுக்கு ஃபோன் செய்தாள்.

“என்னம்மா, பஜனையா நடத்துறீங்க? ஒருத்தர் எடுத்துக் கொடுக்க, மீதிப் பேரு பின்பாட்டு.”

“பெரியவங்க சொன்னப்பறம் வேற எழுதுனா மரியாதையா இருக்காதுங்க மேடம்.”

“நெருப்ப அதிகமா வெச்சியா?”

“இல்லைங்க. ஆனா மொதலாளி அப்பிடித்தான் நெனைக்கிறாரு. திங்கக்கெழமையிலேருந்து சூளைக்கு வேற ஆளாம், நான் வேண்டாமாம்.”

பிழை தன் பாடத்தின் அமைப்பில்தான் என்று சிவசங்கரிக்குத் தோன்றியது. முதலில் பேசுபவர் பெரியவராக இருந்தால், அதோடு கற்பதும் நின்றுவிடுகிறது. மறுநாள் பாடத்தை மாற்றினாள். ‘உடைந்த துண்டு ஒன்றின் ஓரத்தைத் தடவிப் பாருங்கள். தெரிந்ததை எனக்கு மட்டும் எழுதுங்கள். எல்லாம் வந்த பிறகு பெயரோடு சேர்த்துப் போடுகிறேன்.’

இந்த முறை பதில்கள் வேறுவேறாக வந்தன. அன்புக்கரசி எழுதியிருந்தாள்: ‘விரலை அறுக்கிற கூர். மேல்பூச்சு விரிசலுக்குள் இறங்கவில்லை.’ நெருப்பு ஏறும்போது விரிசல் விட்டிருந்தால், உருகிய பூச்சு உள்ளே வழிந்து ஓரம் மழுங்கியிருக்கும். இது பூச்சு இறுகிய பின், சூளை ஆறும்போது குளிர்ந்த காற்று பட்டு விட்ட விரிசல்.

சிவசங்கரி மறுபடி அன்புக்கரசிக்கு ஃபோன் செய்தாள். “சூளைய யாரும்மா தொறந்தாங்க?”

“மேஸ்திரி அண்ணன்தாங்க. லாரி வந்து நின்னுச்சு. சூடு ஆறறதுக்குள்ள தொறந்துட்டாங்க.”

ஞாயிறு மாலை பழமலைநாதனே அழைத்தார்.

“எல்லாத்தையும் சேத்துப் போடப் போறீங்களா மேடம்? மொதலாளியும் குழுவுல இருக்காரே, பாப்பாரே.”

“போடறேன்னு சொல்லிட்டேனுங்களே. உங்களுது மட்டுந்தான் வரல.”

“பிரவுசிங் சென்டர்லதான் ஒக்காந்திருக்கேன். துண்டும் கையிலதான் இருக்குது.”

ஃபோனை அணைக்காமலே மேசைமேல் வைத்துவிட்டார் போலிருந்தது. மின்விசிறியின் இரைச்சலுக்கு நடுவே, ஒற்றை விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டும் சத்தம் சிவசங்கரிக்குக் கேட்டது. கொஞ்ச தூரம் போய் நின்றது. ‘கூரா... இருக்குது’ என்று தனக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி தட்டத் தொடங்கினார்.