நுனிப் பிடி

இந்தக் காலத்தில் செத்தவனைப் பற்றி உண்மை தெரிய வேண்டுமென்றால் சாவு வீட்டுப் பக்கமே போகக் கூடாது. உயிரோடு இருந்தவரை மாடிப்படியில் எதிரே வந்தால் போனைப் பார்த்தபடியே ஒதுங்கிப் போனவர்கள்தான் இன்றைக்குக் கூடத்தில் நின்றுகொண்டு, மனுஷன்னா இவரல்லவா மனுஷன் என்று ஆளுக்கொரு பக்கம் அளந்து விடுகிறார்கள். இப்படி முனகிக்கொண்டே சோபாவின் ஒரு முனையைத் தூக்கக் குனிந்தார் பெரியவர். கீழ்வீட்டு எலக்ட்ரீசியன் அவர் கையை மெல்ல விலக்கினான்.

"நீங்க உக்காருங்க பெரியவரே. நாங்க பாத்துக்குறோம்."

யாரைப் பார்த்து உட்காரு என்கிறான்? ஆயுசு முழுக்கக் கிடங்கில் மூட்டை சுமந்த ஆள் அவர். பிளாஸ்டிக் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாற்காலிகூட அவரை நம்பாத மாதிரி கிரீச்சிட்டது.

அவர் தம்பியின் உடலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் கூடத்தைக் காலி செய்தாக வேண்டும். சோபா போயிற்று, மேஜை போயிற்று. ஜன்னல் மூலையில் அது மட்டும் சாய்ந்து நின்றது. மார்பு உயரத்துக்கு ஒரு இரும்புத் தண்டு, அதன் முனையில் இரண்டு கைக்குள் அடங்குகிற ஒரு இரும்புக் குண்டு. தம்பி அதற்கு என்னவோ பெயர் சொல்வான். பெரியவர் ஒரு நாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. கதாயுதம் என்பார், அதுவும் பல்லைக் கடித்துக்கொண்டு.

தம்பி தையல்காரன். காலமெல்லாம் மிஷின் முன்னால் கூன் போட்டு உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தவன். வயதானதும் கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா கிடக்காமல், போனில் எவனோ சுழற்றியதைப் பார்த்துவிட்டு இதை வரவழைத்தான். தினம் காலையில் மொட்டைமாடிக்குப் போய், முதுகுக்குப் பின்னால் தொங்கவிட்டு, ஒரு தோளிலிருந்து மறுதோளுக்குச் சுழற்றுவான். முதலில் சிரித்த எதிர்மாடிக்காரர்கள் பிறகு காப்பிக் கோப்பையோடு வந்து நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் எலக்ட்ரீசியனும் அவன் கூட்டாளிகளும் சிஷ்யர்கள் ஆனார்கள். கட்டடம் முழுக்க அவனை 'இரும்பு' என்றே கூப்பிட்டது.

பெரியவருக்கு வயிறு எரிந்தது என்று சொல்வதைவிட, அணையவே இல்லை என்று சொல்லலாம். கூலிக்குச் சுமந்தவனை ஒருத்தன் நின்று பார்த்ததுண்டா? சுமந்து சுமந்து முட்டி தேய்ந்து, இடது தோள் இறங்கிப்போனதுதான் மிச்சம். ஒன்றுக்கும் உதவாமல் காற்றில் இரும்பைச் சுற்றுகிறவனுக்குக் கைதட்டல். வீட்டில் அவர் மனைவி வேறு, "உங்க தம்பியப் பாருங்க, ஊசி புடிச்ச கை" என்று தைலம் தேய்க்கும்போதெல்லாம் ஊதிவிடுவாள். குண்டுக்குள்ளே ஒன்றும் இல்லை, வெறும் டப்பா என்று அவர் எல்லோரிடமும் சொல்லி வந்தார். ஒரு தடவைகூடத் தொட்டுப் பார்த்ததில்லை. டப்பாவாக இல்லாமல் போய்விட்டால்?

இப்போது சாவிலும் தம்பி முந்திக்கொண்டான். நேற்றுக் காலை சுழற்றி முடித்து, கீழே இறங்கி வந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை. படுக்கை இல்லை, மருந்து இல்லை, யாருக்கும் பாரமில்லை. கொடுத்து வைத்த சாவு என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள். சொல்லிவிட்டு, ஏனோ பெரியவரின் முட்டியைப் பார்த்தார்கள்.

"அத எப்படிடா நகத்துறது?" என்றான் சிஷ்யர்களில் ஒருத்தன். கோயிலுக்குள் நிற்கிற மாதிரி குரலைத் தாழ்த்திக்கொண்டு, வேறு யாராவது தொடட்டும் என்று ஆளாளுக்கு நின்றார்கள்.

பெரியவர் எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் குண்டை இரண்டு கையாலும் அணைத்து, ஒரு தம் பிடித்து, கழுத்தோரம் சாய்த்துத் தோளில் போட்டார். ஏறிவிட்டது. மூட்டையில் கால்வாசி கனம்கூட இல்லை.

"இதுக்கா இத்தன அலம்பல்?"

பால்கனிக்குக் கொண்டுபோனார். நடையே மாறிவிட்டது. வெறும் டப்பா என்று அவர் சொன்னது சரிதான். இத்தனை காலம் இந்தச் சுண்டைக்காயை வைத்துக்கொண்டா ஊரை ஏமாற்றினான்? துக்க வீடு என்பதைக்கூட மறந்து உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்தது.

தம்பி மகள் பின்னாலேயே வந்தாள். அழுது முகம் வீங்கியிருந்தது. அவர் தண்டைச் சுவரில் சாய்க்கப்போனபோது பழக்கத்தில் சொல்லுகிற மாதிரி சொன்னாள். "அப்படிப் புடிச்சா ஒண்ணும் தெரியாது பெரியப்பா. அப்பா குண்டத் தொடவே மாட்டாரு. அந்தக் கடைசி நுனியப் புடிக்கணும்."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

கனத்தை உடம்போடு ஒட்டவைத்துக்கொள்வதுதான் மூட்டைக்காரன் கற்ற ஒரே பாடம். உடம்பை விட்டு விலகினால் மூட்டை ஆளைச் சாய்த்துவிடும். கனத்தைத் தள்ளி நிறுத்திவிட்டு நுனியைப் பிடிப்பானாம் ஒருத்தன். பைத்தியக்காரத்தனம். அவர் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. இரண்டு கையையும் தண்டின் அடியில் கொண்டுபோய் வைத்து, குண்டை மேலே நிமிர்த்தி, தோளுக்குப் பின்னால் விட்டார்.

அது அவரைக் கேட்கவில்லை. தன் பாட்டுக்குப் போயிற்று. போகிற வேகத்தில் அவரையும் கூட இழுத்தது. மணிக்கட்டில் சுளீரென்றது, விரல்கள் விட்டுப்போயின. குண்டு தரையில் விழுந்து ஓடு பெயர்ந்தது.

கூடத்தில் பேச்சு நின்றது. யாராவது வந்து பார்த்திருப்பார்கள். ஆனால் அதே நேரத்தில் கீழே வண்டிச் சத்தம் கேட்டதால் எல்லோரும் வாசலுக்கு ஓடினார்கள். பெரியவர் தண்டை எடுத்து மூலையில் நிறுத்திவிட்டு, பெயர்ந்த ஓட்டுச் சில்லைக் காலால் தள்ளி மறைத்தார். மூச்சு சீராக வெகு நேரம் ஆயிற்று. டப்பா இல்லை. டப்பாவே இல்லை.

தம்பியைக் கூடத்தில் கிடத்தினார்கள். வெள்ளைத் துணிக்குக் கீழே தோள்கள் மட்டும் மேடு கட்டித் தெரிந்தன. பெரியவர் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த மேட்டைத்தான் பார்த்தார். பிற்பகலில் பெட்டியில் வைத்துக் கீழே இறக்கும் நேரம் வந்தபோது, எலக்ட்ரீசியன் தயங்கித் தயங்கி அவரிடம் வந்து, "முன்னாடி ஒரு கை புடிக்கிறீங்களா?" என்று கேட்டான். காலையில் குண்டைத் தூக்கியதைப் பார்த்ததனால் வந்த மரியாதை. வலது மணிக்கட்டு அதற்குள் வீங்கியிருந்தது. அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "நீங்களே தூக்குங்கப்பா" என்றார் பெரியவர். தம்பி அடுத்தவர்கள் தோளில் இறங்கிப் போனான். அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பின்னால் இறங்கினார்.

எல்லாம் முடிந்து திரும்பி வந்தபோது வெயில் தணிந்திருந்தது. தம்பி மனைவி அவரைப் பால்கனிக்குக் கூப்பிட்டாள். பெயர்ந்த ஓட்டைப் பார்த்துவிட்டாளோ என்று அவருக்குத் திக்கென்றது. அவள் பார்வை தண்டின் மேல் இருந்தது.

"இத நீங்க எடுத்துட்டுப் போயிடுங்க மாமா. இங்க இருந்தா என்னால பாக்க முடியாது."

"அந்தப் பயலுகளுக்குக் குடேன்."

"அவரு உங்களப் பாத்துத்தான் இத வாங்குனாரு." எதிர்மாடியைப் பார்த்தபடியே சொன்னாள். கல்யாணமான புதிதில் ஒரு நாள் சினிமாவுக்கு என்று கூட்டிப்போய்க் கிடங்கு வாசலில் நிறுத்திவிட்டானாம். லாரியிலிருந்து அவர் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தாராம். அண்ணன் தோளப் பாரு, தோளப் பாரு என்று காட்டிக் காட்டியே படம் போய்விட்டதாம்.

"தெனமும் சுத்தி முடிச்சிட்டு சட்டையக் கழட்டிட்டுத் திரும்பி நிப்பாரு. அண்ணன் மாதிரி வந்துருச்சான்னு கேப்பாரு. இன்னும் இல்லன்னுதான் நானும் சொல்லுவேன், வெளையாட்டுக்கு." சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். "நேத்தும் அதத்தான் சொன்னேன்."

பெரியவர் தரையைப் பார்த்தார். தம்பி ஒரு நாளும் இப்படி எதுவும் அவரிடம் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை.

"நீயும் ஆரம்பிச்சிட்டியா? போய்க் கொஞ்ச நேரம் படும்மா."

குண்டைக் கழுத்தோரம் சாய்த்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். சாவு வீட்டில் வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். செத்தவனைத் தூக்கி வைத்துப் பேசிப் பேசி அலுத்தால் உயிரோடு இருக்கிற ஒருத்தனைப் பிடித்துக்கொள்வார்கள். கிடங்கு வாசலில் நின்றானாம். நின்றிருந்தால் இவர் கண்ணில் படாமலா போயிருக்கும்? ஆனால் மூட்டை தோளில் இருக்கும்போது எவன்தான் வாசலைப் பார்க்கிறான்? இருக்காது. நம்புகிற மாதிரி இல்லை.

எதிர்மாடியில் இரண்டு பேர் கோப்பையோடு வந்து நின்று அவரையே பார்த்தார்கள். அவர் நிமிரவில்லை. தெருமுனை திரும்பும் வரை அதே நடைதான். குண்டு கழுத்தை விட்டு விலகவில்லை. தண்டைப் பிடித்திருந்த கை மட்டும், ஒரு சாண் கீழே, நுனிப் பக்கம் இறங்கியிருந்தது.