ஊருக்கு வைத்த கால்

கால் விரலை ஆட்டச் சொன்னாள் நர்ஸ். நெடுமாறன் பல்லைக் கடித்துக்கொண்டு ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. மறுபடி வருகிறேன் என்று அவள் போய்விட்டாள். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் ஒடுங்கி நிற்கும் இடத்தில் அவன் அம்மா கலைவாணி நின்றிருந்தாள்.

பிறந்ததிலிருந்தே அவனுக்கு ரத்தம் உறையாது. அம்மா வழியாக வருகிற நோய் என்று அன்றைக்கே சொல்லிவிட்டார்கள். முழங்கால் வீங்கினால் ஐஸ் வைத்துவிட்டு, ரத்தத்தை உறைய வைக்கும் ஃபேக்டர் ஊசிக்கு ஓட வேண்டும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். விற்கக் கொண்டுபோகும் மீன் கூடையிலிருந்து அவனுக்கென்று ஐஸ் ஒதுக்கி வைக்காத நாளில்லை. ஆனால் முந்தாநாள் முதுகு வலிக்குது என்றானே, அங்கே வீக்கம் எங்கே இருந்தது? சுளுக்கு என்று நினைத்துவிட்டாள் பாவி. கால் முன்னே வரப் பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்கு விட்டுவிடும் என்பார்கள். அவள் அப்படிப் பிறந்தவள். குருசுக்குப்பத்தில் வலை இழுத்து முதுகு பிடித்துக்கொண்ட ஆம்பளைகள் அவள் வாசலில்தான் வந்து குப்புறப் படுப்பார்கள். ஊருக்கெல்லாம் வைத்த காலைப் பெற்ற பிள்ளைக்கு வைக்க மாட்டாளா? மெதுவாகத்தான் வைத்தாள். மறுநாள் காலையில் அவனால் எழுந்து நிற்க முடியவில்லை.

முதுகெலும்புக்குள் ரத்தம் கசிந்து நரம்பை அழுத்துகிறது என்றார் டாக்டர். ஃபேக்டரை விடாமல் ஏற்றிப் பார்ப்போம், விரல் அசையத் தொடங்கினால் கத்தி வைக்காமல் தப்பலாம், இந்த உடம்பில் ஆபரேஷனே ஆபத்து என்றார். பிறகு அவளைப் பார்த்துக் கேட்டார்.

"முதுகுல அடி எதுனா பட்டுச்சாம்மா?"

அவள் வாய் திறக்குமுன் மகன் முந்திக்கொண்டான். "எதுவும் படல சார்."

டாக்டர் நகர்ந்ததும், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டாள்.

"சொன்னா உன்னத்தான திட்டுவாங்க. வுடும்மா."

அந்தப் பொய் அவளைக் கட்டிப்போட்டுவிட்டது. சொன்னால் பிள்ளை பொய்யனாவான். சொல்லாவிட்டால் வைத்தியம் தப்பிப்போகுமோ? அவனை மிதித்த இடது காலைச் செருப்பிலிருந்து உருவித் தரையில் வைத்தாள். வெட்டிப் போட்டுவிடலாம் போலிருந்தது.

நெடுமாறன் கண்ணை மூடியிருந்தான். தூங்குகிறானா, விரலை ஆட்டப் பார்க்கிறானா என்று தெரியவில்லை. அப்போது, கட்டைவிரல் இருக்கும் இடத்தில் போர்வை லேசாக அசைந்தது. நர்ஸைக் கூப்பிடத் திரும்பியவள், மேலே ஃபேன் ஓடுவதைப் பார்த்தாள்.

அதை நிறுத்தினால் அசைந்தது விரலா, காற்றா என்று தெரிந்துவிடும். சுவரோரமாக நகர்ந்து ஸ்விட்ச்சில் விரலை வைத்தாள். போர்வை மறுபடி அசைந்தது. விரலை அழுத்தாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.