அச்சு முறிந்த வண்டிக்கு நன்றி

மினசோட்டாவில் எங்கள் ஆல்டர் க்ரீக் ஊரில் துப்பாக்கிகளுக்கு எடை கூடியது மான் வேட்டை தொடங்கிய வாரம். முட்டை விலை கூடியதும் அதே வாரம்தான். ஜனங்கள் முட்டையைப் பற்றித்தான் அதிகம் புலம்பினார்கள். வைத்திருப்பவரின் மனதில் எவ்வளவு பாரமோ அவ்வளவு பாரம் அவர் துப்பாக்கியிலும் ஏறியது. போதகர் தன்னுடையதைத் தூக்க முடியாமல் விழித்தபோதுதான் அவருக்கும் கவலை உண்டென்று தெரிந்தது.

துப்பாக்கிக் கடை டுவேனும் அவருடைய அக்கா வெர்னாவும், பக்கத்து மாவட்டப் பள்ளியில் பிள்ளைகள் சுடப்பட்ட நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசுவதில்லை. துப்பாக்கியைப் பூட்டி வை என்பார் அக்கா. கோளாறு மனசில், இரும்பில் இல்லை என்பார் தம்பி. எடை கூடியதும், “பாத்தீங்களா, நான் சொன்னதுதான் நடந்துச்சு” என்று இருவருமே ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்கள்.

திங்கட்கிழமை காலை, காகித ஆலை வாசலில் ட்ராய் ஹால்வர்சனின் வண்டிக்கு அச்சு முறிந்தது. பின்சக்கரங்கள் தார்ச்சாலையில் புதைந்துவிட்டன. வண்டியில் இருந்தது ஒரே ஒரு துப்பாக்கி. கோடையில் ஆலை அவனை வேலையைவிட்டு அனுப்பியது. அடுத்து அவன் அம்மா போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்குப் பிறகு அவன் வீட்டுப் பக்கம் யாரும் எட்டிப் பார்க்கவில்லை. ஆலைச் சாலையில் மான் கிடையாது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். ட்ராய் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்து அழுதுகொண்டிருந்தான்.

டுவேன் கிரேன் கொண்டுவந்து துப்பாக்கியைத் தூக்கினார். கிரேனே முனகியது.

“டேய் ட்ராய், இது என் கடைல இருக்கட்டும். நீயே கேட்டாலும் தர மாட்டேன்.”

“கேக்க மாட்டேன்.”

மறுநாள் அவனை மனநல மருத்துவரிடம் கூட்டிப்போய் வெளியே காத்திருந்தவரும் டுவேன்தான். அதற்கு முந்தின மாலையே வெர்னா அவன் வாசலில் நின்றார், கையில் இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்ட ஹாட்டிஷ். எங்கள் ஊரில் அது சாவு வீட்டுக்கு மட்டும்தான் போகும். ட்ராய் பயந்துவிட்டான்.

“யாரு செத்தாங்க?”

“யாரும் சாகல. அதுக்குத்தான் கொண்டுவந்தேன். ஆறிடறதுக்குள்ள சாப்பிடு.”

பிறகு தெருவே ஹாட்டிஷ் கொண்டுபோய்க் குவித்தது. பாத்திரத்தின் அடியில் கொடுத்தவர் பேர் ஒட்டியிருக்கும். கழுவி, நேரில் திருப்பித் தர வேண்டும். போனால் காபி குடிக்காமல் விடமாட்டார்கள். பனி உருகுவதற்குள் ட்ராய் எல்லோர் வீட்டுச் சமையலறையிலும் உட்கார்ந்துவிட்டான். கடையில் அவன் துப்பாக்கி இளைத்துக்கொண்டே வந்தது. இப்போது ஒரு விரலால் தூக்கலாம். எடுத்துக்கொள்கிறாயா என்று டுவேன் கேட்டதற்கு, அங்கேயே இருக்கட்டும் என்றான். அக்காவும் தம்பியும் இன்றும் சண்டை போடுகிறார்கள், ஆனால் ஒரே மேசையில்.

நன்றி நாளன்று வான்கோழியை வெட்டுமுன் ஆளாளுக்கு ஒரு நன்றி சொல்வது வழக்கம். நான் அந்த அச்சுக்குச் சொல்கிறேன். அன்று காலை ஷிஃப்டில் ஆலைக்குள் இருந்தவர்களில் நானும் ஒருவன். துப்பாக்கிகள் இன்னும் கனத்துக்கொண்டுதான் இருக்கின்றன. யாருடையதாவது கனத்துவிட்டது என்று கேள்விப்பட்டால் உருளைக்கிழங்கு உரிக்க உட்கார்ந்துவிடுகிறோம்.