மேட்டுப் பக்கம் சாயுங்க

கம்ப்யூட்டரில் நான் ராஜா. சிமுலேட்டரில் நாற்பது மணி நேரம் ட்ரோன் பறக்கவிட்டிருக்கிறேன். பச்சைப் புல்தரையில் கம்பத்தைச் சுற்றி, வளையத்துக்குள் புகுந்து, தலைகீழாகப் புரண்டு எழுந்திருக்கிறேன். வெளியே கொண்டுவந்தால் மட்டும் அந்தச் சனியன் பத்து நொடி உருப்படியாகப் பறக்காது. தேயிலைக்குள் போய் விழும்.

அன்றைக்கும் விழுந்தது. ட்ரோன் கேமராவின் படத்தைக் கண்முன் காட்டும் கண்ணாடியைக் கழற்றினேன். என் மனைவி மஞ்சு சுடிதாரை முழங்கால்வரை சுருட்டிவிட்டுக்கொண்டு ஏற்கெனவே செடிகளுக்கு நடுவே இறங்கியிருந்தாள்.

"இன்னிக்கு இது எத்தனாவதுங்க?"

"எண்ணாதே."

"நான் எங்கீங்க எண்ணுறேன்? என் காலைக் கடிக்கிற அட்டை எண்ணீட்டு இருக்கும்."

இருபது வருஷமாகக் குன்னூரில் கல்யாண வீடியோ எடுக்கிறேன். இருளப்பன் என்றால் மண்டபக்காரர்களுக்குத் தெரியும். சாதாரண ட்ரோனை எட்டு வருஷமாகப் பறக்கவிடுகிறேன். அது சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை. ரிமோட்டில் கையை எடுத்தால் இருந்த இடத்தில் அப்படியே நிற்கும். புதிதாக வாங்கிய இது அப்படி இல்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டால் நாமே அதன் மூக்கில் உட்கார்ந்து பறப்பதுபோல் தெரியும். மேனுவல் மோடில் அதைப் பிடித்து நிறுத்த எதுவும் கிடையாது. சாய்த்தால் சாய்ந்தே போகும், நாம்தான் நிமிர்த்த வேண்டும். பயம் வந்தால் ரிமோட் குச்சியை விட்டுவிடும் பழைய பழக்கம் என் விரலை விட்டுப் போகவே ஒரு வாரம் ஆயிற்று.

அது போன பிறகும் விழுந்தது. அதுதான் எரிச்சல். ஒவ்வொரு தடவையும் நேராகத்தான் பிடிக்கிறேன், ஒவ்வொரு தடவையும் பள்ளத்துப் பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. இறக்கை மாற்றினேன். மோட்டார் மாற்றினேன். விற்றவனைப் போனில் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவன் பாவம், அவனுக்கும் ஒன்றும் புரியவில்லை.

கொலக்கம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட். அதன் மேனேஜர் ராமகிருஷ்ணன் ஒரே ஒரு ஷாட் கேட்டிருந்தார். மேலே பங்களாவில் கிளம்பி, சரிவில் தேயிலையை உரசிக்கொண்டே போய், ஃபேக்டரியில் முடிய வேண்டும். ஞாயிற்றுக்கிழமை செய்துகாட்டாவிட்டால் கோயமுத்தூர்ப் பையனைக் கூப்பிட்டுக்கொள்வார். அந்தப் பையனிடம் இந்த வருஷம் என் கல்யாணங்கள் மூன்று போய்விட்டன. இதுவும் போனால் கடைசிவரை மேடைக்குக் கீழே ட்ரைபாடோடு நிற்கிற ஆள்தான் நான்.

கண்ணாடி மாட்டினால் சுற்றி நடப்பது எதுவும் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு ஆள் நின்று வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டும். மஞ்சு நின்றாள். முதல் நாளிலிருந்து ஒரே பாட்டு.

"ஏனுங்க, அது சாஞ்சுதான் போவுது. மேட்டுப் பக்கம் சாயுங்க."

"மேட்டுப் பக்கம் சாஞ்சா மேட்டுல போய் மோதும். ரிமோட்டைத் தொட்டதே இல்ல, நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

அதற்கப்புறம் அவள் விழுந்ததை எடுத்துவர மட்டும் போய்க்கொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டில் அன்றைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். மோட்டாரில் கோளாறு இருந்தால் தெரியும் என்று எண்ணம். டீ கொண்டுவந்த மஞ்சு கையை நீட்டி நிறுத்தினாள்.

"மரமெல்லாம் ஏனுங்க இப்படி நிக்குது?"

நேரில் நெட்டுக்குத்தாக நிற்கிற சில்வர் ஓக் மரங்கள். ஒன்று விடாமல் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவற்றுக்குக் கீழே தேயிலைச் சரிவு, பாய் விரித்ததுபோல மட்டமாகக் கிடந்தது.

நான் சேரம்பாடியில் எஸ்டேட் தொழிலாளர் லைன் வீட்டில் பிறந்தவன். பள்ளிக்கூடம் போனதும் சரிவு, கிரிக்கெட் ஆடியதும் சரிவு. என் கண்ணுக்குத் தேயிலை எப்படிக் கிடக்கிறதோ அதுதான் தரை. ட்ரோனைச் சரிவுக்குச் சமமாகச் சாய்த்து வைத்துவிட்டு, மூன்று வாரமாக நேராகப் பிடிக்கிறேன் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன். சிமுலேட்டரில் தரை மட்டம், அதனால் தப்பே தெரியவில்லை. மஞ்சு கீழே சமவெளியில் பிறந்த காரமடைக்காரி. அவளுக்கு முதல் நாளே தெரிந்துவிட்டது.

என் தப்பு என்பதில் வந்த கோபத்தைவிட, அவள் சொன்னது சரி என்பதில் வந்த கோபம்தான் பெரிது. ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். "டீயில சக்கரை பத்தல" என்றேன்.

சனிக்கிழமை மரத்தைப் பார்த்துப் பறக்கவிட்டேன். மரம் கண்ணில் படாத இடத்தில் அவள் குரல் கொடுத்தாள். "மேட்டுப் பக்கம்... இன்னும் கொஞ்சம்... போதுங்க." நூல் பிடித்ததுபோல் போனது.

ஞாயிற்றுக்கிழமை ராமகிருஷ்ணன் பங்களா வாசலில் தனித் திரையில் பார்த்துக்கொண்டு நின்றார். அவள் சொல்லச் சொல்ல ஓட்டினேன். ஃபேக்டரியைத் தொட்டுத் திரும்பி வந்து காலடியிலேயே இறக்கினேன்.

"பிரமாதம், இருளப்பன்! இதை யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்லீங்க சார். நானாத்தான், தனியா."

ஏன் அப்படிச் சொன்னேனோ. வாய் முந்திக்கொண்டது. மஞ்சு காலில் இருந்த அட்டையைப் பிய்த்துப் போட்டாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"லென்ஸ்ல ஒரு சொட்டுத் தண்ணி தெரியுது. இன்னொரு தடவை எடுத்துடுங்க, அதையே வெச்சுக்கலாம்" என்றார் மேனேஜர்.

கண்ணாடியை மாட்டி மேலே தூக்கினேன். பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வர மரங்கள் மங்கின. கண் பழையபடி தேயிலையில் போய் உட்கார்ந்தது. அவள் குரலுக்குக் காத்திருந்தேன். வரவில்லை.

"சொல்லு மஞ்சு."

காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"மஞ்சு!"

படம் ஒரு சுற்றுச் சுற்றி இலைக்குள் போய் நின்றது.

கண்ணாடியைக் கழற்றினேன். அவள் கையைக் கட்டிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றாள். நான் இறங்கினேன். இடுப்பளவு செடி, பேன்ட்டெல்லாம் ஈரம், கிளை குத்திக் கை முழுக்கக் கீறல். ட்ரோனின் பீப் பீப் சத்தம் பனிமூட்டத்தில் நாலு பக்கமும் கேட்டது. பத்து நிமிஷம் தேடினேன். மேலே மேனேஜர் வாட்சைப் பார்த்தார்.

"மஞ்சு, எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"நீங்க தனியாத்தானுங்களே கத்துக்கிட்டீங்க" என்றாள், சத்தமே உயர்த்தாமல்.

மேனேஜர் அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் காது சுட்டது. மூன்று வாரம் அவள் இப்படித்தான் இதற்குள் நடந்திருக்கிறாள், ஒரு நாள்கூட நான் இறங்கியதில்லை. அசிங்கமாக இருந்தது.

"சார்!" என்று கீழேயிருந்து கத்தினேன். "நான் சொன்னது பொய்யிங்க. மூணு வாரமா தப்பாத்தான் ஓட்டீட்டு இருந்தேன். தப்பைக் கண்டுபிடிச்சது இவதான். நான் கத்துக்கிட்டதே இவகிட்டத்தான்."

மஞ்சு மேட்டின் விளிம்புக்கு வந்து, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"காத்துல கேக்கலீங்க. இன்னொருக்கா சொல்லுங்க."

அப்போது ஒரு இலைகூட அசையவில்லை. நான் இன்னொரு தடவை சொன்னேன், முதல் தடவையைவிடச் சத்தமாக.